வாசலில் மூன்று சகோதரிகள்

அம்மி கழுவிய தண்ணீரைச் சந்திரமதி வாசல் செடிகளுக்கு ஊற்றுவதில்லை. காரம் பட்டால் இலை கருகுமாம். சட்டியை ஏந்திக்கொண்டு சாக்கடை வரை நடந்து கொட்டிவிட்டு வருகிறார். மலாக்காவின் காஜா பெராங்கில் பாதி வீடுகளின் மீன் குழம்புக்கு மசாலா அரைத்துத் தருவது அவர்தான்.

செடிகள் என்றால் பார்ப்பவர்கள் சிரிப்பார்கள். யாரும் நட்டவை அல்ல. தரையை ஒட்டிக் கிடக்கும் சிற்றாமுட்டி இனம். நகத்தளவு மஞ்சள் பூ, வெயில் ஏறிய பின்தான் விரியும். ஒன்றுக்கு நீள இலை, ஒன்றுக்கு அகல இலை, இன்னொன்று கொடிபோல மண்ணிலேயே படர்ந்துவிடும். "மூஞ்சி ஒண்ணுதான், கொணம்தான் வேற. எங்க மூணு பேரு மாதிரி" என்பார். நீள இலைக்காரி அக்கா மீனாச்சி. படர்பவள் தங்கை ஜெயா. நடுவில் இவர்.

கணவர் தெய்வநாயகம், தலைமுறைகளுக்கு முன்பே மலாய்க்கு மாறிவிட்ட மலாக்கா செட்டி சமூகத்தவர். வீட்டில் மலாய்தான் பேச்சு. "ரும்புட் சஜா" என்பார் செடிகளைப் பார்த்து. வெறும் புல்தானே!

சென்ற ஆண்டு, மலாயாவின் சுதந்திரத்துக்குச் சில வாரங்கள் முன்பு, சகோதரிகள் இருவரும் குடும்பத்தோடு இந்தியாவுக்குக் கிளம்பினார்கள். ரப்பர் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்கிறார்கள், இனி என்ன ஆகுமோ என்ற பயம். மீனாச்சி வந்து அழைத்தார்.

"நீயும் வந்துரு சந்திரா. இந்த வீட்டுல தமிழ்ல ஏசக்கூட ஒனக்கு ஆளில்ல."

"இங்கதான வாக்கப்பட்டேன். அங்க எனக்கு யாருக்கா இருக்கா?"

"நாங்க இருப்போம்லா."

சந்திரமதி அம்மியைக் கழுவப் போனார். அவர்கள் கிளம்பிய அன்று வழியனுப்பவும் போகவில்லை, நாள் முழுவதும் மிளகாய் அரைத்தார். அதன் பிறகுதான் செடிகளின் அருகே குந்தி உட்கார்ந்து பேசத் தொடங்கினார். "இன்னிக்குச் சீரகம் கல்லாட்டம் இருந்துச்சுடி ஜெயா."

மெர்டேக்கா என்ற அந்தச் சுதந்திர நாளுக்கு முதல் நாள், கொடிக்கம்பம் நடத் தெய்வநாயகம் மண்வெட்டியோடு வாசலில் இறங்கினார். முதல் வெட்டு செடிகளின் நடுவே விழுந்தது. கல்யாணமான நாளிலிருந்து கணவரிடம் மலாய் மட்டுமே பேசியவர், ஓடிவந்து தமிழில் கத்தினார்.

"வெட்டாதீங்க! இவங்களும் போயிட்டா நான் யார்கிட்ட பேசுவேன்?"

கணவருக்குப் பாதிதான் புரிந்திருக்கும். மனைவியின் முகத்தையே பார்த்தார். சாய்ந்த செடியை நிமிர்த்தி, வேரில் மண்ணைக் கையால் அணைத்தார். பிறகு வேலியோரம் போய்ப் புதிதாகக் குழி தோண்டினார்.

கம்பம் கனமானது, ஒற்றை ஆளுக்கு அடங்காமல் ஆடியது. பார்த்துக்கொண்டிருந்த சந்திரமதி, மிளகாயில் சிவந்த கைகளைச் சேலையில் துடைத்துக்கொண்டு போனார். கணவர் மண்ணைத் தள்ளி மிதித்து முடிக்கும்வரை கம்பத்தை நேராகப் பிடித்துக்கொண்டு நின்றார்.