சுந்தரமூர்த்தி அண்ணன் உடைத்த தேங்காய்

புனேயில் வாகட் சிக்னல் தாண்டும்போது போன் வந்தது. ஸ்கூட்டரை ஓரம் கட்டி எடுத்தேன். “உங்க அண்ணன் போயிட்டாரும்மா” என்றார் சுந்தரமூர்த்தி அண்ணனின் மனைவி மீனா அண்ணி. அழுகை அப்புறம்தான் வந்தது. முதலில் வந்தது கோபம். ரோட்டைப் போட்டு முடிக்காமல் இந்த மனுஷன் எப்படிப் போகலாம்?

இதைப் படிக்கும் புனே தமிழர்களில் பலருக்கு அவர் வெடிமருந்து ஆலையில் கூட வேலை பார்த்த டர்னர். எனக்கு, தளேகாவில் பக்கத்து ஷெட்காரர். அவருக்கு லேத்து, எனக்கு அட்டைப்பெட்டி. எங்கள் ஷெட்டுகளுக்கும் மெயின் ரோட்டுக்கும் நடுவே ஒரு மேய்ச்சல் புறம்போக்கு. அது எங்களுடையது என்று அக்கம்பக்கத்துக் குக்கிராமங்களான மேல்வாடியும் சொல்லும், கீழ்வாடியும் சொல்லும். அதன் வழியாக ரோடு போட எப்போதோ உத்தரவாகிவிட்டது. பூமிபூஜைக்கு யார் தேங்காய் உடைப்பது என்பதில் நின்றுபோனது. உடைத்தவர்களுக்கே நிலம் என்றாகிவிடுமாம்! மழை பெய்தால் லாரி உள்ளே வராது. ஆர்டர்கள் வேறு பக்கம் போயின, ஷெட்டுகள் மூடப்பட்டன. வேலை போனது இரண்டு வாடிப் பிள்ளைகளுக்கும்தான்.

ஒருநாள் காலையில் அண்ணன் வேட்டி கட்டிக்கொண்டு வந்தார். தான் எந்தப் பக்கமும் இல்லாத ஆள், தான் உடைத்தால் யாருக்கும் வம்பில்லை என்று சொல்லிவிட்டு, புறம்போக்கில் ஒரே போடாகத் தேங்காயைப் போட்டார். சற்று நேரத்தில் இரண்டு வாடியும் திரண்டு வந்தது, மதராஸிக்கு எங்கள் நிலத்தில் என்ன வேலை என்று. சேர்ந்தே போய்ப் புகார் கொடுத்தார்கள். சாயங்காலம் வரை ஸ்டேஷனில் உட்கார்ந்திருந்தவருக்கு டீ வாங்கிக் கொடுத்து, நன்றாகத் திட்டினேன். அவர் சிரித்தார்.

“கோபப்படாதே தங்கச்சி. எனக்கு எதிராவாவது ஒண்ணா நின்னாங்களே.”

அதோடு விட்டாரா? மழைக்காலத்தில் மெயின் ரோட்டிலேயே இறக்கிவிடும் இரும்புக் கம்பிகளைத் தூக்கி வர, தன்னிடம் வேலை பார்த்தவர்களை வாடிக்கு ஒருவராக ஜோடி சேர்த்து அனுப்புவார். முகம் பார்த்துப் பேச மாட்டோம் என்பார்கள். “பேச வேண்டாம். ஆளுக்கொரு முனையைப் பிடிங்க, போதும்” என்பார். அவர்களும் முணுமுணுத்துக்கொண்டே சேற்றில் தூக்கி வருவார்கள்.

நான் அவரைப் போல இல்லை, அலுத்துவிட்டது. மார்ச்சுக்குள் வேலை தொடங்காவிட்டால் ரோட்டு உத்தரவே ரத்தாகிவிடும் என்று தெரிந்ததும், புனேயின் மறுகோடியில் ஹடப்சரில் ஷெட்டுக்கு ஒரு இடம் பார்த்து வைத்தேன்.

போன ஞாயிறு அவருடைய ஷெட்டில் படத்திறப்பு. இரண்டு வாடியும் வந்தது. மேல்வாடிப் பெரியவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அவர் பெயராலேயே ரோட்டைப் போடுவோம் என்றார். கீழ்வாடியும் தலையாட்டியது. எனக்கு நெஞ்சு நிறைந்துபோனது. அடுத்த நிமிஷம், தேங்காயை யார் உடைப்பது என்று ஒரு குரல் கேட்டது. மாலை கூட வாடவில்லை, படத்துக்கு முன்னாலேயே சண்டை ஆரம்பித்துவிட்டது. அண்ணி தலையைக் குனிந்துகொண்டார்.

எனக்குப் பொறுக்கவில்லை. படத்தின் முன் இருந்த தேங்காயை எடுத்துக்கொண்டு வெளியே நடந்தேன். புறம்போக்கு ஓரத்துக் கல்லில் ஓங்கி அடித்தேன். சண்டை போட்டவர்கள் வெளியே ஓடி வந்தார்கள். அப்புறம் இரண்டு வாடியும் ஒரே குரலில் என்னைத் திட்ட ஆரம்பித்தது.

அண்ணன் எனக்கு விட்டுப்போனது அந்தத் திட்டுதான். அன்றைக்கே ஹடப்சர்காரருக்குப் போன் போட்டு, வரவில்லை என்று சொல்லிவிட்டேன். மார்ச் முடிய இன்னும் நாள் இருக்கிறது. ஸ்கூட்டர் டிக்கியில் இன்னொரு தேங்காய் வைத்திருக்கிறேன்.