சித்தப்பா ஏறினால் ஓடும் கார்

ஓடுகிற வாகனத்தில் எதையாவது வாசித்தால் எங்கள் குடும்பத்து ஆண்களுக்கு வயிற்றைப் பிரட்டிச் சத்தி வரும். எனக்கு வராது. வெள்ளவத்தையில் இருந்து கொட்டாஞ்சேனைக்கு பஸ்ஸில் போகும்போது பேப்பரை முதல் பக்கத்தில் தொடங்கி மரண அறிவித்தல் வரை வாசித்து முடித்துவிடுவேன். இந்த வயதில் நான் ரலி போட்டிக் கார் ஒன்றில், அண்ணாவுக்குப் பக்கத்தில் இருந்து, வரப்போகும் வளைவுகளைக் கடதாசியில் பார்த்து வாசிக்கும் ஆளானதற்கு வேறு ஒரு தகுதியும் இல்லை.

எனக்கு ஆட்கள் முன்னால் கதைக்க வராது. கலியாண வீட்டில் யாராவது சுகம் விசாரித்தால் சாப்பாட்டுக் கோப்பையைப் பார்த்துத்தான் பதில் சொல்வேன். காருக்குள் அந்தக் கரைச்சல் இல்லை. ஹெல்மெற்றுக்குள் சின்ன மைக் இருக்கும், கண் கடதாசியில் இருக்கும், ஒருவர் முகத்தையும் பார்க்கத் தேவையில்லை. "இடது, இறுக்கம், உள்ளுக்குக் கல்லு" என்று மெதுவாகச் சொன்னால் அண்ணா அப்படியே திருப்புவார். நான் சொல்லி இன்னொருவர் ஒரு காரியம் செய்தது வாழ்க்கையில் அங்கேதான்.

அண்ணாவுக்குப் புறக்கோட்டையில் சின்ன ஹார்ட்வெயார் கடை. கார், பழைய ஜப்பான் கார். கொட்டாஞ்சேனை வீட்டின் பின் வளவில், தகரக் கொட்டகைக்குள் நிற்கும். பக்கத்து வீட்டு ஓட்டோவைத் தள்ளினால்தான் வெளியே எடுக்கலாம். ஒவ்வொரு போட்டிக்கும் எலுமிச்சம்பழம் நசித்துச் சிங்காரமாகப் போகும். ஒவ்வொரு போட்டியிலிருந்தும் லொறியின் முதுகில் படுத்துக்கொண்டு திரும்பி வரும். ஒரு முறைகூட முடிவுக் கோட்டைக் கண்டதில்லை.

கடைசியில் அண்ணி ஒரு நாள் சொன்னா. அவ தொடர்மாடி வீடுகளுக்குத் தோசை மா அரைத்து விற்கிறவ.

"இஞ்சாருங்கோ, இந்த முறையும் லொறியிலதான் வருமெண்டா அது இந்த வளவுக்குள்ள வரத் தேவையில்லை. நான் அந்தக் கொட்டகையில மா மெஷின் போடப்போறன்."

"முடிச்சு வந்தா?" என்று அண்ணா கேட்டார்.

"முடிச்சு வந்தா நிக்கட்டும். முதலாவதா எல்லாம் வரத் தேவையில்லை. தன்ர காலில வந்தாச் சரி."

அண்ணா அதற்குப் பிறகு சரியாகச் சாப்பிடவில்லை. அவருக்கு வெல்லும் ஆசை எந்த நாளும் இருந்ததில்லை. முடிவில் கட்டியிருக்கும் அந்தத் துணி வளைவுக்குக் கீழே போய்க் காரை நிறுத்தி, தானே இறங்கவேண்டும், அவ்வளவுதான். கடையில் நாள் முழுக்க வருகிறவன் போகிறவனுக்கெல்லாம் "ஓம் ஓம்" சொல்லுகிற மனிதர். அவருக்கென்று இருந்தது அந்தக் கார் மட்டும்தான்.

அந்த "ஓம் ஓம்"தான் காரையும் கெடுத்தது என்று இப்போது விளங்குகிறது. நுகேகொடையில் ஒரு குழு இருக்கிறது. அதே கார், அதே வயது. அவர்களுடைய கார் ஒவ்வொரு போட்டிக்கும் கொஞ்சம் கொஞ்சமாக நன்றாக ஓடத் தொடங்கியது. எங்களுடையது ஒவ்வொரு போட்டிக்கும் கொஞ்சம் கொஞ்சமாகப் பாரமானது. காரணம், எங்கள் வீட்டுக்குக் கார் பார்க்க வருகிறவர்களுக்குத் தேத்தண்ணி கொடுத்து, "என்ன மாதிரி?" என்று கேட்பது வழக்கம். கேட்டால் சொந்தக்காரர் ஏதாவது சொல்லுவார். சொன்னதைச் செய்யாவிட்டால் மனம் நோவார். செய்ததைக் கழற்றினால் அடுத்த கிழமை வந்து குனிந்து பார்ப்பார். ஆகவே எல்லாம் பூட்டப்பட்டது, எதுவும் கழற்றப்படவில்லை. மாமா ஒருவர் தந்த பழைய பஸ் ஹோர்ன் உள்ளே இருந்தது. மச்சான் ஒருவர் தந்த மேலதிக விசிறி, முதல் விசிறிக்கு எதிர்ப்பக்கமாகக் காற்று அடித்தது.

கார் திருத்துகிற மெக்கானிக்கை பாஸ் என்றுதான் கூப்பிடுவோம். சிங்களவர், நல்ல மனிதர், எங்களிலும் மோசம். யார் பக்கத்தில் நின்றாலும் அவர் சொல்வது சரி என்பார்.

"பாஸ், இது சரிவருமா?"

"சரிவரும் மாத்தயா."

"நேற்று அவர் மற்றப் பக்கமாச் சொன்னவரே?"

"அதுவும் சரிவரும்."

எல்லாவற்றிலும் பெரிய அன்பளிப்பு சித்தப்பாவின் ஸ்பிரிங். வான் ஒன்றில் இருந்து கழற்றியது, காரின் பின்பக்கத்துக்கு. பஞ்சிகாவத்தைப் பழைய சாமான் கடைகளில் தெரிந்து எடுத்து, வெள்ளவத்தைக்கு பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுபோய், தன் கையால் பச்சைப் பெயின்ற் அடித்துத் தந்தவர். பச்சை ஏன் என்று கேட்டதற்கு, "தூரத்தில வரேக்கையே ஆரின்ர ஸ்பிரிங் எண்டு தெரியவேணும்" என்றார்.

ஓட்டிப் பார்ப்பதும் சித்தப்பாவின் பொறுப்பு. ஞாயிறு விடிய, பஞ்சாங்கத்தில் நல்ல நேரம் பார்த்து, அவருடைய தொடர்மாடிக்கு முன்னால், வெள்ளவத்தைக் கடற்கரை றோட்டில். கல்லும் மண்ணுமான ரப்பர் தோட்டப் பாதையில் ஓடப்போகும் காரைத் தட்டையான தார் றோட்டில், குளிர் காற்றில், சித்தப்பாவை ஏற்றிக்கொண்டுதான் நாங்கள் சோதித்தோம். பின் சீற் கழற்றின கார் அது. அதனால் ஒரு பிளாஸ்டிக் கதிரையைக் கயிற்றால் கட்டி அதில் அவரை இருத்தினோம். சித்தப்பா நல்ல பாரமான ஆள். கதிரையில் இருந்தபடி, "ஆகா, தொட்டில் மாதிரிப் போகுது" என்பார். உண்மையில் அப்படித்தான் போகும். போட்டிக்குப் போனால் மட்டும் பின்பக்கம் தவளை மாதிரித் துள்ளி, ஏதாவது ஒன்று முறியும்.

அண்ணி சொன்ன அந்தப் போட்டிக்கு முதல், ஹெந்தளைப் பக்கம் ஒரு வெறும் காணியில் குழுக்கள் எல்லாம் ஓடிப் பழக ஒரு நாள் கொடுத்தார்கள். சித்தப்பா ஒரு கலியாணத்துக்குப் போய்விட்டார். கார் முதல் சுற்றிலேயே துள்ளியது. பாஸ் கீழே படுத்துப் பார்த்துவிட்டு ஒன்றும் முறியவில்லை என்றார். மறுபடி ஓடினோம், மறுபடி துள்ளியது. மத்தியானம் சித்தப்பா பட்டு வேட்டியோடு ஓட்டோவில் வந்து இறங்கி, "என்ன முகமெல்லாம் தொங்குது?" என்று கேட்டு, வேட்டியைத் தூக்கிக் கதிரையில் ஏறினார். கார் தொட்டில் மாதிரிப் போனது.

"பாத்தியளே, கார் ஆளை அறியும்," என்றார்.

அண்ணாவும் பாசும் அதை அப்படியே ஏற்றுக்கொண்டார்கள். நானும்தான்.

நுகேகொடைக் குழுவின் தலைவி எங்களையே பார்த்துக்கொண்டு நின்றா. என் வயதுதான் இருக்கும். அவ என்னிடம் வந்து சிங்களத்தில் கேட்டா:

"போட்டிக்கும் அந்த அங்கிள் ஏறுவாரா?"

"இல்லை, ரெண்டு பேர்தான் ஏறலாம்."

"பிறகு எதுக்கு அவரை வைத்து ஓடுகிறீர்கள்?"

கடையில் சாமான் வாங்கப் பழகின என் சிங்களத்தில் எனக்கு வந்த பதில் ஒன்றுதான். "அவர் சித்தப்பா" என்றேன். அப்போது அது முழுப் பதிலாகவே எனக்குத் தெரிந்தது.

அவ சிரிக்கவில்லை. எங்கள் காரின் பின்பக்கத்தைக் கையால் அமுக்கிப் பார்த்தா. அசையவில்லை. தன்னுடைய காரை அமுக்கிக் காட்டினா. இறங்கி எழும்பியது. பிறகு அவ போய் வேலை செய்வதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரே ஒரு சாமானை மாற்றுவார்கள். அதே பாதையில் ஓடுவார்கள். நல்லதில்லை என்றால் பழையதைத் திரும்பப் போடுவார்கள். நடுவில் யாராவது புது யோசனையோடு வந்தால் அவ "எப்பா" என்பா. வேண்டாம் என்று அர்த்தம். தன் அண்ணனுக்கு எப்பா, மெக்கானிக்குக்கு எப்பா, கார் கொடுத்தவருக்கே எப்பா. பின்னேரம் எல்லோரும் அவவோடு இருந்து ஒன்றாகச் சோறு சாப்பிட்டார்கள். எனக்கு அதுதான் நம்ப முடியாமல் இருந்தது.

வீட்டுக்கு வந்து, சித்தப்பாவின் பாரம் இருந்தால்தான் அந்த வான் ஸ்பிரிங் அமுங்கும் என்று அண்ணாவிடம் சொன்னேன்.

"அப்ப நாங்கள் இவ்வளவு காலமும் சித்தப்பாவுக்குக் கார் செய்திருக்கிறம்," என்றார்.

"ஓம் அண்ணா."

"ஸ்பிரிங்கைக் கழட்டினா அவர் செத்துப்போவார்."

ஆகவே எங்கள் குடும்பம் செய்யக்கூடிய ஒரே காரியத்தைச் செய்தோம். காரோடு வந்த பழைய ஸ்பிரிங்கைத் திரும்பப் பூட்டி, அதற்குப் பச்சைப் பெயின்ற் அடித்தோம். ஹோர்ன் வயரை வெட்டிவிட்டு ஹோர்னை மட்டும் வெளியே தெரிய விட்டோம். எதிர்க்காற்று விசிறியை நிற்பாட்டினோம், ஆனால் துடைத்து மினுக்கி வைத்தோம். கழற்றுவது பாதி வேலை, கழற்றவில்லை என்று காட்டுவது மற்றப் பாதி. பாஸ் இதற்கும் "சரிவரும்" என்றார்.

போட்டி நாளில் கார் சொன்னபடி கேட்டது. நான் வாசிக்க, அண்ணா திருப்ப, பின்பக்கம் பின்னாலேயே வந்தது. அது எங்களுக்குப் புதிது. பாதித் தூரம் முடித்து இடைத் தரிப்பிடத்துக்கு வந்து நின்றோம். அதுவரை நாங்கள் அந்த இடத்தைக் கண்டதேயில்லை.

சித்தப்பா சோற்றுப் பார்சல்களோடு அங்கே நின்றார். குனிந்து பச்சையைப் பார்த்தார். முகம் மலர்ந்தது.

"இப்ப பாத்தியளோ, என்ர ஸ்பிரிங்கின்ர குணத்தை? இன்னும் கொஞ்சம் இறுக்கினா முதலாவது வரலாம். பாஸ், அந்த ரப்பர் கட்டையை ஸ்பிரிங்குக்குள்ள அடியும்."

அவர் பையில் இருந்து ரப்பர் கட்டை வெளியே வந்தது. பாஸ் சுத்தியலை எடுத்துவிட்டார். அதை அடித்தால் கார் மறுபடி துள்ளும், துள்ளினால் முறியும், முறிந்தால் லொறி. நான் அண்ணாவைப் பார்த்தேன். அவர் வாய் "ஓம்" என்று சொல்லத் திறப்பது தெரிந்தது.

"வேண்டாம் சித்தப்பா," என்றேன்.

ஹெல்மெற் இன்னும் தலையில் இருந்தது. மைக்கும் வாயருகில்தான் இருந்தது. அதனால்தான் அந்தச் சொல் வந்தது என்று நினைக்கிறேன்.

"என்ன பிள்ளை?"

"வேண்டாம். இது உங்கட ஸ்பிரிங் இல்லை. உங்கடது வீட்டில கிடக்கு. இது பழசு. நாங்கள் பச்சை அடிச்சனாங்கள்."

சித்தப்பா விரலை ஸ்பிரிங்கில் வைத்தார். சூட்டில் பெயின்ற் இளகி விரலில் ஒட்டியது. அந்த விரலைக் கனநேரம் பார்த்தார். பிறகு பார்சல்களைக் கீழே வைத்தார்.

"சொல்லியிருக்கலாமே," என்றார்.

"சொன்னா நோவியளெண்டு."

"இப்ப மட்டும் நோகேல்லையோ?"

தன்னுடைய பார்சலைக்கூட எடுக்காமல் நடந்துபோனார். எங்கள் வாகனத்தில் திரும்பி வரவும் மறுத்துவிட்டார். நுகேகொடைக்காரர் தங்கள் வானில் ஏற்றிப் போனதாகப் பிறகு அறிந்தோம்.

நாங்கள் முடித்தோம். கடைசிக்கு முதல் ஆளாக. அண்ணா வளைவுக்குக் கீழே காரை நிறுத்தினார், ஆனால் இறங்கவில்லை. பின்னால் வந்தவன் ஹோர்ன் அடித்தான். "இறங்குங்கோ அண்ணா" என்றேன். "பொறு" என்றார். கொழும்புக்கு லொறி வெறுமையாக வர, நாங்கள் காரில் வந்தோம். அண்ணி கேற்றைத் திறந்து, சக்கரங்களைப் பார்த்து, "சரி, நிக்கட்டும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனா. மா மெஷின் இப்போது விறாந்தையில் ஓடுகிறது. வீடே நடுங்குகிறது. யாரும் முறைப்பாடு சொல்வதில்லை.

சித்தப்பா மட்டும் வரவில்லை. மாதக்கணக்கில் வரவில்லை. அண்ணா ஒரு நாள் அவரைப் பார்க்க என்னையும் கூட்டிக்கொண்டு வெள்ளவத்தைக்குப் போனார். ஆள் வீட்டில் இல்லை. நுகேகொடையில் என்றார்கள். அங்கே போனோம். கராஜின் நடுவில், கதிரையில், தேத்தண்ணிக் கோப்பையோடு சித்தப்பா. அந்தத் தலைவி காருக்கடியில்.

சித்தப்பா சிங்களத்தில் எதையோ நீளமாக விளக்கினார். கீழே இருந்து குரல் வந்தது: "எப்பா அங்கிள்."

"ஹரி ஹரி," என்று சிங்களத்திலேயே சரி சொல்லிச் சித்தப்பா கோப்பையை உறிஞ்சினார். எங்களைக் கண்டதும் கோபத்தையே மறந்துவிட்டார். "வாங்கோ, இருங்கோ. இவையள்தான் ஆக்கள். நான் வந்த பிறகு இந்தக் கார் பறக்குது. சொல்லுறதை ஒண்டு விடாமல் கேப்பினம்."

"கேட்டு?" என்றார் அண்ணா.

"கேட்டு வேண்டாமெண்டு சொல்லுவினம். அது வேற. மறைக்கமாட்டினம்."

திரும்பி வரும் வழியில் பஸ்ஸில் அண்ணா யன்னலால் பார்த்துக்கொண்டே வந்தார். நான் பேப்பர் விரித்திருந்தேன்.

"நாங்களும் சித்தப்பாவைத் திரும்பக் கூப்பிட்டா என்ன?" என்றார். "அவர் சொல்லுறதைக் கேப்பம். கேட்டிட்டு வேண்டாமெண்டு சொல்லுவம்."

"ஆர் சொல்லுறது?"

அவர் பேப்பருக்கு மேலால் என்னையே பார்த்தார். நான் அதே வரியைத் திரும்பத் திரும்ப வாசித்துக்கொண்டிருந்தேன். கடைசியில், "அப்ப எனக்கு அந்த ஹெல்மெற்றைத் தாங்கோ" என்றேன்.