என் மெஷினுக்கு நான் பேசாத பேரம்

நாட்றம்பள்ளியில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு ஆம்பூர் திரும்பிய அன்று, வீட்டுக்குப் பின்னால் இருக்கும் ஷெட்டின் பூட்டு தரையில் கிடந்தது. உள்ளே தையல் மேஜை இருந்தது, மோட்டார் இருந்தது, நூல்கண்டுகள்கூட வைத்த இடத்திலேயே இருந்தன. மெஷினை மட்டும் கழற்றிக்கொண்டு போயிருந்தார்கள். மேஜையின் நடுவில், அது உட்கார்ந்திருந்த இடத்தில், வெறும் ஓட்டை. கல்யாண வீட்டில் இரண்டாவது தரம் பாயசம் கேட்டு வாங்கிக் குடித்தது நினைவுக்கு வந்து எனக்கு என் மேலேயே ஆத்திரம் பொங்கியது.

ஷூவின் மேல்பாகத்தைத் தைக்கிற மெஷின் அது. வெட்டிய தோல் கம்பெனியிலிருந்து கட்டுக்கட்டாக வரும். தைத்துக் கொடுத்தால் கூலி. மெஷின் இல்லாத வீட்டுக்குக் கட்டு வராது. கட்டு கொண்டுவரும் சூப்பர்வைசர் கெட்டவர் இல்லை. ஆனாலும், "சீக்கிரம் ஒரு வழி பண்ணும்மா, இல்லாட்டி வேற வீட்டுக்குத் தள்ளிடுவேன்" என்று சொல்லிவிட்டுத்தான் வண்டியை எடுத்தார்.

ஸ்டேஷனில் புகாரை எழுதிக்கொண்டார்கள். மெஷின் வாங்கிய பில்லையும் கொடுத்தேன். "இப்பல்லாம் திருட்டு சாமானை எவனும் கடைக்கு எடுத்துட்டுப் போறதில்லம்மா. போன்ல போட்டோ போட்டு வித்துட்றானுங்க. நாங்களும் பாக்குறோம், நீங்களும் பாத்துக்கினே இருங்க" என்றார் ஏட்டு.

பார்த்துக்கொண்டே இருந்தேன். பழைய பொருள்களை விற்கும் அந்த ஆப்பில் கறவை மாடு முதல் கல்யாணக் கட்டில் வரை எல்லாம் இருந்தது, என் மெஷினைத் தவிர. சாதம் அடிப்பிடித்தது. பால் பொங்கி வழிந்தது. "அந்தப் போனைக் கொஞ்சம் கீழ வெய்யேன்" என்றார் என் வீட்டுக்காரர். "நீங்க கம்மியா கெடைக்குதுன்னு வாங்கின பூட்டுதான் கீழ கெடந்துச்சு" என்றேன். அவர் துணியை எடுத்துக்கொண்டு வழிந்த பாலைத் துடைக்கப் போனார்.

ஒரு நாள் காலை, டீ போட அடுப்பைப் பற்றவைத்துவிட்டுப் போனைத் தடவியபோது என் மெஷின் வந்து நின்றது. பக்கவாட்டுச் சக்கரத்தில் கை வியர்த்து வழுக்குகிறதென்று நானே மெரூன் தோலைச் சுற்றி இரட்டைத் தையல் போட்டு வைத்திருந்தேன். அந்தத் தோல் அப்படியே இருந்தது. பெற்ற பிள்ளையைத் திருவிழாக் கூட்டத்தில் கண்டுபிடித்தது போல் இருந்தது. ஒரு நொடியும் யோசிக்காமல், "நீங்க சொன்ன விலைக்கே எடுத்துக்கிறேன், எங்க வரணும்?" என்று மெசேஜ் அனுப்பினேன். பதில் வரவில்லை. டீயை இறக்கிவிட்டுப் பார்த்தபோது விளம்பரத்தையும் காணவில்லை.

பக்கத்து வீட்டு அக்காவிடம் ஓடினேன். உருது பேசுகிற குடும்பம். அவரும் என்னைப் போல வீட்டில் ஷூ தைப்பவர். விஷயத்தைக் கேட்டதும் தலையில் அடித்துக்கொண்டார்.

"அரே, நம்ம ஊர்ல பேரம் பேசாம எவ வாங்குவா? கொத்தமல்லிக் கட்டுக்கே சண்ட போட்ற பொம்பள நீ! சொன்ன விலைக்கு வாங்குறேன்னா, போலீசுன்னு நெனச்சு ஓடிப்போய்ட்டான்."

அவர் சொன்னது சரிதான். தோல் மண்டியிலிருந்து கீரைக்காரி கூடை வரை, பேரம் பேசாதவரை எங்கள் ஊர் நம்பாது. அழுகையும் கோபமுமாக அவர் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டேன். "எந்திரி. நான் தொழுவப் போறப்பவும் சாப்பிடப் போறப்பவும் என் மெஷின்ல நீ தை. கட்டை விட்டுடாதே" என்றார். இன்று வரை எங்கள் வீட்டு அடுப்பு எரிவதற்கு அந்த வார்த்தை ஒரு காரணம்.

எங்களைப் போல் தைக்கும் பெண்களுக்கு வாட்ஸ்அப்பில் ஒரு குரூப் உண்டு. அதில் அக்கா மெரூன் தோலைப் பற்றிப் பேசி அனுப்பினார். வாணியம்பாடி, ராணிப்பேட்டை என்று எல்லா ஊரிலும் பெண்கள் ஆப்பைத் துழாவினார்கள். கடைசியில் வாலாஜாபேட்டையிலிருந்து அந்தச் சக்கரம் மறுபடி விற்பனைக்கு வந்தது. விளம்பரம் போட்டிருந்தது ஒரு பெண்.

இந்த முறை அக்கா பேசினார். நிறம் போய்விட்டது என்றார், சத்தம் போடும் என்றார், வீட்டில் ஒத்துக்க மாட்டார்கள் என்று போனை வைத்தார். அந்தப் பெண்ணே திரும்பக் கூப்பிட்டாள். அக்கா இன்னும் குறைக்கச் சொன்னார். எதிர்முனைக் குரல் கெஞ்சக் கெஞ்ச எனக்குக் குஷியாக இருந்தது. நன்றாகக் கெஞ்சட்டும், திருடி என்று நினைத்தேன்.

விலை படிந்ததும் ஸ்டேஷனுக்குச் சொன்னோம். மஃப்டியில் ஏட்டு, அக்காவின் தம்பி என்று சொல்லிக்கொண்டு எங்களோடு வாலாஜாபேட்டைக்கு வந்தார். நாங்கள் உள்ளே நுழைந்தபோது அந்தப் பெண் மெஷினைத் துடைத்து எண்ணெய் விட்டு வைத்திருந்தாள். என்னைவிடச் சின்னவள். இது திருட்டு மெஷின் என்று ஏட்டு சொன்னதும் அவள் சுவரோடு சாய்ந்துவிட்டாள்.

"தைச்சுப் பொழைக்கலாம்னு கம்மலை அடகு வெச்சு வாங்கினேன் சார். வீட்டுக்காரர் வண்டில இருந்து வுழுந்துட்டாரு, அதான் விக்குறேன். வாங்குறப்பவே நான் யோசிச்சுச் சொல்றேன்னுதான் சொன்னேன். வித்த ஆளுதான் போனைக் காட்டினான். பேரமே பேசாம ஒருத்தங்க கேக்குறாங்க பாரு, இப்பவே எடுத்தாதான் உனக்குன்னான்."

அவன் காட்டியது என் மெசேஜ். அக்கா என்னைப் பார்த்தார். நான் வெளியே போய்த் தெருவில் நின்றேன்.

அவளுக்கு ஒன்றும் தெரியாது என்று நானே ஏட்டிடம் சொன்னேன். கோர்ட்டுக்கு அலைந்து மெஷினை வாங்கி மேஜையில் பூட்டினேன். கட்டு வருகிறது, தைக்கிறேன். ஆனால் அவள் கம்மல் அடகில்தான் இருக்கிறது. அவளுக்கு விற்றவனின் போன் அணைந்து கிடக்கிறது. சக்கரத்தில் கை வைக்கும்போதெல்லாம் அவள் காது ஞாபகம் வந்து மனம் இருப்புக்கொள்ளவில்லை.

அதனால் இப்போதும் ஆப்பைத் துழாவுகிறேன். தையல் மெஷின் விற்கிற எவனையும் விடுவதில்லை. முதலில் வாலாஜாபேட்டைக்காரியைக் கூப்பிட்டு, பிறகு விற்பவனையும் அதே போன்காலில் இணைத்துக்கொள்வேன். அவன் முகத்தையும் குரலையும் அறிந்தவள் அவள் ஒருத்திதான். நான் விலையைக் குறைத்துக்கொண்டே போவேன். அவள் மூச்சுவிடாமல் கேட்டுக்கொண்டிருப்பாள். அவன் வைத்ததும், "இவன் இல்லக்கா" என்பாள். எத்தனையோ பேரை அப்படிக் கேட்டாயிற்று.

நேற்று ஒருவன் குடியாத்தம் பக்கமிருந்து பேசினான். நல்ல மெஷின், அவசரமாக விற்கிறேன், இன்னொருத்தர் பேரமே பேசாமல் கேட்கிறார் என்றான். அவன் போனை வைத்த பிறகு அவளிடமிருந்து "இவன் இல்லக்கா" வரவில்லை. விசும்பும் சத்தம் மட்டும் கேட்டது.

ஏட்டுக்குச் சொல்லிவிட்டு, கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு அவனைத் திரும்பக் கூப்பிட்டேன்.

"விலை ரொம்ப ஜாஸ்திங்க" என்றேன்.