நாங்குநேரி எண்ணெய்

சந்தேகம் எனக்கு ஒரு வியாதி என்று என் தம்பி சொல்வான். வியாதிதான், இல்லையென்று சொல்லவில்லை. முப்பது வருஷமாக ஒன்றாம் வகுப்போடு மல்லுக்கட்டுகிறவளுக்கு வேறென்ன வியாதி வரும்? பென்சிலை எடுத்தது யார் என்று கேட்டால் எடுக்காத பிள்ளைகள் எல்லாம் பேசாமல் என் முகத்தைப் பார்க்கும். எடுத்தவன் மட்டும், 'நான் தண்ணி குடிக்கப் போயிருந்தேன் டீச்சர், எனக்குக் காய்ச்சல் டீச்சர்' என்று கேட்காத காரணமெல்லாம் சொல்லுவான். அவன் பையைத் திறந்தால் பென்சில் இருக்கும்.

பாளையங்கோட்டையில் எங்கள் பள்ளிக்கூடத்தில் காலை வழிபாட்டுக்குப் பிள்ளைகளை இரண்டு வரிசையாக நிறுத்துவோம். நான் வேலைக்குச் சேர்ந்தபோது இரண்டு வரிசையும் வேப்பமரத்தடியில் முடியும். இப்போது பையன்கள் வரிசை வேப்பமரத்தில் முடிகிறது, பெண்பிள்ளைகள் வரிசை தண்ணீர்க் குழாயோடு நின்றுவிடுகிறது. "எல்லாரும் இங்கிலீஷ் மீடியத்துக்குப் போயிருப்பாங்க டீச்சர்" என்றார் ஹெட்மாஸ்டர். யாருக்குக் காது குத்துகிறார்? பணம் கட்டிப் படிக்க அனுப்புவதென்றால் எங்கள் பக்கத்தில் பையனைத்தான் அனுப்புவார்கள். பெண்பிள்ளையை இங்கேதான் கொண்டுவந்து தள்ளுவார்கள். அப்படிப் பார்த்தால் குழாயடி வரிசையல்லவா நீளமாக இருக்க வேண்டும்?

அதன் பிறகு பிள்ளைகளைச் சேர்க்க வருகிற பெற்றோர்களை நான் ஒரு மாதிரியாகத்தான் பார்த்தேன். மூத்தது பெண், இளையது பையன், நடுவில் ஆறு வருஷ இடைவெளி என்றால் என் மூக்கில் வியர்த்துவிடும். இந்த ஆறு வருஷத்தில் எத்தனை போயிற்றோ என்று நினைத்துக்கொள்வேன். கேட்க மாட்டேன், முறைப்பதோடு சரி.

இப்படி ஊரையெல்லாம் முறைத்துக்கொண்டிருந்தவளின் சொந்தத் தம்பிக்கும் இரண்டு பெண்பிள்ளைகள். வண்ணார்பேட்டையில் வீடு, ஜங்ஷனில் பெயிண்டுக் கடை. மூன்று வருஷத்துக்கு முன்னால் அவன் பெண்டாட்டி மூன்றாவதாக உண்டாகியிருந்தாள். நாங்குநேரிக்குப் போய்ப் பெருமாளைச் சேவித்துவிட்டு வருகிறோம் என்று ஒரு சனிக்கிழமை இரண்டு பேரும் காரில் போனார்கள். சாயங்காலம் நான் போய்ப் பார்த்தால் எண்ணெய் இல்லை.

எங்கள் ஊர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டாம், மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். அங்கே பெருமாளுக்குச் சாத்திய எண்ணெயைக் கோயிலுக்குள்ளேயே ஒரு கிணற்றில் சேர்த்து வைத்திருப்பார்கள். மூட்டுவலியா, சொறி சிரங்கா, எல்லாவற்றுக்கும் அதுதான். ஒருவர் போகிறார் என்றால் அந்தத் தெருவே பாட்டிலைக் கொடுத்துவிடும். அவசரத்தில் பெருமாளைச் சரியாகப் பார்க்காமல்கூடத் திரும்புவான் திருநெல்வேலிக்காரன், எண்ணெய் இல்லாமல் திரும்ப மாட்டான்.

"எண்ணெய் எங்கலே?" என்று கேட்டேன்.

"ஏயப்பா, என்ன கூட்டம்க்கா! அதுவும் போக, பாட்டில எடுக்க மறந்துட்டோம். எண்ணெய் குடுக்குத ஆளும் அங்கன இல்ல."

ஒரு கேள்விக்கு மூன்று காரணம். அவன் பெண்டாட்டி அடுப்பங்கரையிலிருந்து வெளியே வரவேயில்லை. பத்து நாள் கழித்து, "கலைஞ்சிட்டுக்கா" என்று தம்பி போனில் சொன்னான். அந்த மூன்று காரணமும் எனக்கு ஞாபகம் வந்தது. ஆனால் என்ன செய்தேன்? ஒன்றும் செய்யவில்லை. அந்த எண்ணெயைப் பற்றி மட்டும் போகிற போதெல்லாம் பொடி வைத்துப் பேசினேன். "நாங்குநேரிக்குப் போயிட்டு எண்ணெய் இல்லாம வந்த ஒரே ஆளு என் தம்பிதான்" என்று அவன் மச்சினன் முன்னாலேயே சொன்னேன். தம்பி சிரித்தான்.

அடுத்த வருஷம் மறுபடியும் அவள் உண்டானாள். மறுபடியும் மூன்று மாதம் ஆனதும் ஒரு சனிக்கிழமை நாங்குநேரி. நான் பள்ளிக்கூடம் லீவு என்று அவர்கள் வீட்டிலேயே காத்துக்கிடந்தேன். கார் வந்து நின்றது. தம்பி இறங்கினான், கையில் ஐந்து லிட்டர் கேன்.

"இந்தா, ஒனக்குத்தான்! இனிமேயாவது அந்த எண்ணெய்ப் பேச்ச விடு" என்றான்.

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. கூடப் பிறந்தவனை இப்படி நினைத்துவிட்டோமே, சீ, நாமும் ஒரு அக்காவா என்றிருந்தது. அவள் காரிலிருந்து பைய இறங்கி, என்னைப் பார்க்காமல் உள்ளே போனாள். மசக்கை, பாவம் என்று நினைத்துக்கொண்டேன். அந்த எண்ணெயைத் தினமும் முழங்காலில் தேய்த்தேன். நன்றாகத்தான் கேட்டது. பக்கத்து வீட்டுக்கெல்லாம் கிண்ணத்தில் ஊற்றிக் கொடுத்து, என் தம்பி வாங்கிவந்தது என்று பெருமை பேசினேன்.

இரண்டு வாரம் போயிருக்கும். ஒரு மத்தியானம் பெரிய பிள்ளை பக்கத்து வீட்டுப் போனிலிருந்து, "அத்தை, அம்மா எந்திரிக்க மாட்டேங்கா" என்று அழுதது. ஓடினேன். அவள் பாயில் கிடந்தாள். உடம்பு கொதித்தது, சேலையெல்லாம் ரத்தம். மருந்துக்கடை மாத்திரை அட்டை தலையணைக்கு அடியில் கிடந்தது. தம்பியைக் கடையிலிருந்து நேராக ஆஸ்பத்திரிக்கு வரச் சொல்லிவிட்டு, அவளை ஆட்டோவில் ஏற்றினேன்.

ஆட்டோவில் என் தோளில் சாய்ந்துகொண்டு அவளாகவே சொன்னாள். "எண்ணெய் ஒங்களுக்காவத்தான் வாங்குனோம் மதினி. 'அக்கா கேப்பா, மொதல்ல அத வாங்கிருவோம்'ன்னு சொன்னாவ. கேன மடியில வச்சிக்கிட்டே வள்ளியூர் தாண்டிப் போனேன். ஒரு வீட்டுல ஸ்கேன் மெஷின் வச்சிருந்தான். பாத்துட்டு அவுககிட்ட தலைய ஆட்டுனான்."

"போன தடவ?"

"அப்பவும் அங்கனதான்."

"அடிப்பாவி, எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்லா?"

"நீங்க எண்ணெய் எங்கன்னுதான கேட்டீங்க" என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

எனக்குச் செருப்பால் அடித்த மாதிரி இருந்தது. என் சந்தேகத்தால் யாருக்கு என்ன நன்மை? அடுத்த முறை மறக்காமல் எண்ணெய் வாங்கிவர அவனுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன், அவ்வளவுதான்.

கதை இதோடு முடிந்திருந்தால் நான் நல்லவளாகவே இருந்திருப்பேன். பெரியாஸ்பத்திரியில் டாக்டர் சின்னப் பெண். தம்பி பெண்டாட்டியைச் சோதித்துவிட்டு என்னிடம் வந்தாள். "நீங்க யாரும்மா?"

"இவ வீட்டுக்காரனோட அக்கா."

"இது தானா கலைஞ்சதா? ஏதாவது மாத்திரை குடுத்தீங்களா? மறைக்காதீங்க."

தம்பி வந்து வாசலில் நின்றான். கைகூப்பவில்லை, கெஞ்சவில்லை. சின்ன வயதில் அப்பாவிடம் அடிவாங்கப் போகிறபோது என்னைப் பார்ப்பானே, அதே பார்வை. போலீஸ், கோர்ட்டு, கடை, இரண்டு பெண்பிள்ளைகள் எல்லாம் ஒரே நேரத்தில் எனக்குள் வந்துபோயிற்று.

"மாத்திரை சாப்பிட்டிருக்கா டாக்டர். அது காய்ச்சல் மாத்திரை" என்றேன். "கலைஞ்சது தானாத்தான். வீட்ல குனிஞ்சு நிமிந்து வேல அதிகம். ஏற்கெனவே ஒரு தடவ இப்படித்தான்."

ஒரு கேள்விக்கு மூன்று காரணம். சொல்லி முடித்த பிறகுதான் எனக்கே உறைத்தது. டாக்டர் என்னை முறைத்தாள். அந்தப் பார்வை எனக்குத் தெரியும், என்னுடையதுதான். கட்டிலில் கிடந்தவள் நான் சொன்னதை எல்லாம் கேட்டுக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டாள். அவள் பிழைத்தது டாக்டர் புண்ணியம், என் புண்ணியம் இல்லை.

அதன் பிறகு ஒரு வருஷத்துக்கு மேல் அவர்கள் வீட்டுக்கு நான் அதிகம் போகவில்லை. போனாலும் அவள் காபி கொடுப்பாள், முகம் கொடுக்க மாட்டாள்.

இந்த வருஷம், பள்ளிக்கூடம் திறந்த கொஞ்ச நாளில் தம்பி போன் பண்ணினான். "யக்கா, வார சனிக்கிழம நாங்குநேரி போறோம். ஒனக்கு எண்ணெய் வேணும்லா?"

"பிள்ளைகளும் வருதா?"

"இல்லக்கா. வெயிலு. அதுகளுக்குக் காரு ஒத்துக்காது. டியூஷன் வேற இருக்கு."

போனை வைத்துவிட்டேன். அன்று சாயங்காலம் அவன் கடையில் இருக்கிற நேரமாகப் பார்த்துப் போனேன். அவள் ஈருள்ளி உரித்துக்கொண்டிருந்தாள், வெங்காய நெடி கண்ணைக் கரித்தது. பக்கத்தில் போய்த் தரையில் உட்கார்ந்தேன். எண்ணெயைப் பற்றி நான் பேசவில்லை.

"எத்தன மாசம்?"

"மூணு."

"ஏட்டி, ஒனக்கு என்ன வேணும்? அவனுக்கு இல்ல, ஒனக்கு."

அவள் உரிப்பதை நிறுத்தவில்லை. இரண்டு மூன்று உள்ளி உரித்த பிறகு, "ஆஸ்பத்திரில சொன்ன மாதிரி நாளைக்கும் சொல்லிற மாட்டீங்களே?" என்று கேட்டாள்.

கேட்கட்டும், கேட்க வேண்டியவள்தான். "சொல்ல மாட்டேன்" என்றேன்.

"பெறணும் மதினி. எதுன்னாலும் பெறணும்."

"அப்ப எந்திரி."

இரண்டு பிள்ளைகளின் யூனிபாரம், புத்தகப் பை, அவளுக்கு நாலு சேலை. ஆட்டோ பிடித்து என் வீட்டுக்குக் கூட்டிவந்துவிட்டேன். மறுநாள் காலையில் எங்கள் பகுதி நர்சம்மாவை வரச்சொல்லிக் கர்ப்பத்தைப் பதிவு செய்தோம். நர்சம்மா முந்தைய பிரசவங்களைப் பற்றிக் கேட்டாள். இரண்டு கலைப்பு, வள்ளியூர் தாண்டி இருக்கிற வீடு, ஆஸ்பத்திரியில் நான் சொன்ன பொய், எல்லாவற்றையும் சொன்னேன். அவள் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள். எத்தனை பேர் வேண்டுமானாலும் அப்படிப் பார்க்கட்டும்.

தம்பி தினமும் போன் பண்ணினான். திட்டினான், அழுதான். "குடும்பத்தப் பிரிக்குதியே, நீ நல்லாருப்பியா?" என்றான். சனிக்கிழமை சாயங்காலம் கேட்டுக்கு வெளியே கார் வந்து நின்றது. கையில் கேன்.

"சத்தியமா கோயிலுக்கு மட்டுந்தான்க்கா போனேன். தனியாத்தான் போனேன். மன்னிச்சிருன்னு பெருமாள்கிட்ட கேட்டேன். அவள ஒரு தடவ பாத்துட்டுப் போயிருதேன்."

இந்தத் தடவை மூன்று காரணம் இல்லை, அழுத கண்தான். உண்மையாகவே திருந்தியிருக்கலாம். இருக்கலாம், எனக்கென்ன தெரியும்? போன கேனும் உண்மையான நாங்குநேரி எண்ணெய்தானே.

"கேன அங்கனயே வச்சிட்டுப் போலே" என்றேன். "பிள்ள பெறந்தப்புறம் வா."

"யாரு மதினி?" என்று உள்ளே இருந்து அவள் கேட்டாள். பயந்த குரல்.

"யாருமில்ல. நீ சாப்புடு."

இப்போது அவளுக்கு ஐந்தாம் மாதம். கேட்டுக்கு இரண்டு பூட்டு போட்டிருக்கிறேன், சாவி என் இடுப்பில். கேன் வெளியே அதே இடத்தில் வெயிலில் இருக்கிறது. முழங்கால் வலி உயிர்போகிறது. நான் அதைத் தொடவில்லை.