மறுமுனை

இடுப்பு விட்டுப்போயிருந்தது. குனிந்தால் இன்றைக்கும் அந்த வலி பிடிக்கிறது. ஆகவே கனவு கண்டிருப்பாய் என்று யாரும் என்னிடம் சொல்ல வேண்டாம்.

விடுதிகளின் படுக்கை விரிப்புகளைத் துவைக்கும் சலவைக்கூடம். நான் சேர்ந்து ஒன்பது நாள்தான். சுவரோரம் நீராவிக் குழாய் ஓடும் மடிப்பறையில் எங்களை விட்டு, சூப்பர்வைசர் வெளியே பூட்டுவான். "பூட்டாதீங்க சார், மூச்சு முட்டுது" என்று கேட்டுவிட்டேன்.

"வாய் நீளுதுல்ல? கையும் நீளட்டும். அறுபது விரிப்பு, ஒத்தையா மடி. ஆறு மணிக்கு ஒண்ணு மிச்சமிருந்தாலும் நாளைக்கு வராத."

மற்ற ஆறு பேரையும் வெளியே அனுப்பிப் பூட்டினான். வீட்டில் இரண்டு பிள்ளைகள். என் கூலியில்தான் உலை கொதித்தது. அந்த விரிப்பை மடிக்க இரண்டு ஆள் வேண்டும். முனைக்கு ஒருத்தி. தனியாக முக்கி முனகிப் பதினொன்று முடித்தேன்.

நாலு பத்து. பன்னிரண்டாவதை உதறினேன். பட்!

மறுமுனை தரையில் விழவில்லை.

இழுத்தது... வேலை தெரிந்த கை இழுப்பதுபோல. நடுவே விரிப்பு மறைத்தது. ஓரத்தில் பத்து விரல்கள் மட்டும்.

"யாருக்கா?"

 நடந்து வந்து என் கையில் முனையைச் சேர்த்தாள். விரல் பட்டது. கொதித்தது.

விரிப்பைத் தாழ்த்தினேன்.

யாருமில்லை...

கதவு பூட்டியேதான் இருந்தது.

இன்னும் நாற்பத்தெட்டு பாக்கி. பதிமூன்றாவதை எடுத்தேன். பட்!

பிடித்தாள்.

ஐந்து ஐம்பத்திரண்டு. அறுபது.

கதவு திறந்தது. "எவடி உள்ள வந்தா?" என்றவன் அடுக்கிலிருந்த மடிப்பைக் கிட்டப் போய்ப் பார்த்தான். கையிலிருந்த சாவி விழுந்தது. எடுக்காமலே போய்விட்டான்.

பின்னால் வந்த, எங்களில் மூத்த அக்கா ஒரு விரிப்பைத் தடவினாள்.

"ஓரத்த உள்ளுக்குத் திருப்பி மடிக்க உனக்கு யாருடி சொல்லிக்குடுத்தா?"

"அந்தப் பக்கம் நான் மடிக்கலக்கா."

அவள் குரல் இறங்கியது. "இது உனக்கு முன்னாடி இங்க மடிச்ச நெட்டையோட மடிப்பு. அவளும் பூட்டாதீங்கன்னுதான் கேட்டா. இப்படித்தான் ஒத்தையா விட்டான். குழாய் வெடிச்சு வெந்துபோனா... நாங்க வெளிய நின்னு கதவ இடிச்சோம். சாவி அவன்கிட்ட."

"போலீஸ் கேக்கலியா?"

"கேட்டாங்க. கதவு தெறந்துதான் இருந்துச்சுன்னு ஆறு பேரும் கையெழுத்துப் போட்டோம்."

அன்றிலிருந்து அந்தக் கதவைப் பூட்ட அவனுக்குக் கை வரவில்லை. ஏழு பேர் மடிக்கிறோம். மூன்று ஜோடி போக, மிஞ்சும் ஒருத்திக்கும் மறுமுனையில் கை இருக்கிறது.

கதவு பூட்டியிருந்தது என்று மட்டும் இன்னும் ஒருத்தியும் போய்ச் சொல்லவில்லை. நெட்டைக்கு அந்தச் சாட்சி பாக்கி.