மரத்தளமும் பக்கத்து வீட்டுக் கட்டிலும்

தொண்ணூறுகளின் நடுப்பகுதியில் நாங்கள் லண்டனின் கோலியர்ஸ் வுட்டில், ரயில் பாதைக்கு அருகே, ஒரு பழைய வரிசை வீட்டில் இருந்தோம். சமையலறைப் பின்கதவைத் திறந்தால் பின்வளவுத் தோட்டம் இடுப்பளவு கீழே கிடக்கும். இறங்குவதற்கு ஒடுங்கிய சீமெந்துப் படிகள். சமையலறையில் இரண்டு பேர் நின்றால் மூன்றாமவருக்கு இடமில்லை. அங்கே மீன் பொரித்தால் மணம் மாடிவரை ஏறி, கொழுவியிருக்கும் குளிர்கோட்டுகளுக்குள் புகுந்து, மறுநாள் என்னோடு பஸ்ஸிலும் வரும். பின்கதவின் மட்டத்திலேயே வெளியே ஒரு மரத்தளம் போட்டால் அடுப்பை அங்கே வைத்துப் பொரிக்கலாம் என்று எனக்கு ஓர் ஆசை.

கட்டட வேலை செய்யும் என் கணவரின் நண்பர் வந்து அளந்து பார்த்தார். “அண்ணை, இந்த உயரத்தில, அதுவும் வேலியோட ஒட்டிப் போடுறதெண்டால் கவுன்சிலைக் கேக்க வேணும்,” என்றார். நகரசபைக்குப் படம் கீறிக் கொடுத்து, அனுமதி கேட்டோம். பெரிய விஷயமாக எனக்குத் தோன்றவில்லை. நம் வீட்டின் பின்னால் நாலு பலகை போடுவதில் யாருக்கு என்ன?

சில வாரங்கள் கழித்துக் கவுன்சிலிலிருந்து ஓர் அதிகாரி தொலைபேசியில் அழைத்தார். பக்கத்து வீட்டுப் பெண்மணி ஆட்சேபம் தெரிவித்திருக்கிறாராம். தளத்தில் நிற்பவர்களுக்குத் தன் தோட்டம் தெரியும், அதன் பிறகு அதைத் தன்னால் பயன்படுத்த முடியாது என்று சொல்கிறாராம்.

“அவவுக்கு எங்களைப் பிடிக்கேல்லை. வேறென்ன?” என்றார் கணவர்.

எனக்கு அப்படிப் படவில்லை. பல வருடங்களாகப் பக்கத்தில் இருக்கிறோம். கண்டால் காலநிலையைப் பற்றி ஒரு வார்த்தை பேசுவார், ஐம்பதைத் தாண்டிய, உயரமான ஆங்கிலேயப் பெண். தனியாக இருந்தார். ஆனால் அவர் தோட்டத்தில் பூக்கன்று கொத்துவதையோ உடுப்புக் காயப்போடுவதையோ நான் கண்டதில்லை. ஒரு கதிரை இழுபடும் சத்தம்கூட வந்ததில்லை.

“தோட்டத்தைப் பயன்படுத்த ஏலாது எண்டு சொல்லுறா. அப்ப என்னத்துக்கு அதைப் பயன்படுத்துறா?” என்று கேட்டேன்.

“நீர் அதையே யோசிச்சுக்கொண்டு இரும்,” என்று சொல்லிவிட்டு அவர் பெற்றோல் நிலையத்து வேலைக்குப் போய்விட்டார்.

ஜூன் மாதத்தில் ஒரு மத்தியானம் அந்த அதிகாரி இடத்தைப் பார்க்க வந்தார். மெலிந்த இளைஞர், கையில் அளவுநாடா. எங்கள் பின்கதவில் நின்றால் பக்கத்து வீட்டின் நீட்டிக் கட்டிய சுவர்தான் தெரியும். ஆனால் தளத்தின் விளிம்பு அந்தச் சுவரைத் தாண்டி வளவுக்குள் வருவதாக இருந்தது. விளிம்பு வரும் இடத்தை அளந்து குறித்துவிட்டு, ஏறி நிற்க ஏதாவது கிடைக்குமா என்று கேட்டார். சாப்பாட்டுக் கதிரை ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தேன். ஏறினார், வேலிக்கு மேலால் பார்த்தார், உடனே இறங்கிவிட்டார். முகம் சிவந்திருந்தது.

“நீங்களே பாருங்கள். சத்தம் போடாமல்,” என்று ரகசியக் குரலில் சொல்லிக் கதிரையைப் பிடித்துக்கொண்டார்.

ஏறினேன். ஓர் ஆப்பிள் மரம். அதன் கீழே மடக்குக் கட்டில். அதில், சாம்பல் நிறப் போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டு, கண்ணுக்குக் கறுப்புத் துணி கட்டி, வாயை லேசாகத் திறந்தபடி அந்தப் பெண்மணி அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தார். தலைமாட்டில் கவிழ்த்த வாளியின் மேல் ஒரு மணிக்கூடு. எனக்கும் முகம் சுட்டது. ஒருவரின் படுக்கையறைக்குள் தெரியாமல் கால் வைத்துவிட்டதுபோல இறங்கினேன்.

அதிகாரி மெதுவாகச் சொன்னார்: “தளத்தை வேலியிலிருந்து தள்ளிப் போட்டு, அந்தப் பக்கத்தில் ஆள் உயரத்துக்கு ஒரு மறைப்பும் வைத்தால் பரிசீலிக்கலாம். முதலில் அவருடன் பேசிப் பாருங்கள்.”

அன்று மாலை பக்கத்து வீட்டுப் பெண்மணி பையோடு வாசலுக்கு வந்தபோது நான் எங்கள் படலையடியில் காத்து நின்றேன். கதிரையில் ஏறிப் பார்த்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அவர் பையைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டு சிரித்தார். முதியோர் இல்லம் ஒன்றில் இரவு வேலையாம். பகலில்தான் தூக்கமாம்.

“ஆனால் வெளியில் எப்படித் தூக்கம் வரும்? ரயில் ஓடுதே!” என்று கேட்டேன். அதைக் கேட்காமல் என்னால் இருக்க முடியவில்லை.

“ரயில் எப்போதும் ஓடும், அது பழகிவிட்டது. வீட்டுக்குள் இருந்தால் தபால் விழும் சத்தம், குழாய் சொட்டும் சத்தம், ஒவ்வொன்றுக்கும் எழும்பி விடுவேன். வெளியில் வரும் சத்தங்களுக்கு நான் பொறுப்பில்லை.”

அந்தப் பதிலை நான் பல நாள் மனதுக்குள் திருப்பித் திருப்பிச் சொல்லிப் பார்த்தேன். கணவரிடமும் சொன்னேன். அவர் தானே படத்தை எடுத்து, “அப்ப ஒடுக்கிக் கீறுவம்,” என்றார்.

தளம் நான் நினைத்ததில் பாதியானது. வேலிப் பக்கம் பலகை மறைப்பு வந்தது. மீன் மணம் தொந்தரவாக இருக்குமா என்று பக்கத்து வீட்டுப் பெண்மணியிடம் கேட்டேன். மணம் எழுப்பாது, எண்ணெய் வெடிக்கும் சத்தம்தான் எழுப்பும் என்றார். அதனால் ஓர் ஏற்பாடு செய்துகொண்டோம்: அவர் எழும்பியதும் வேலியில் தட்டுவார், அதன் பிறகுதான் நான் பொரிக்கும் தாச்சியை அடுப்பில் வைப்பேன். அவர் ஆட்சேபத்தை விலக்கிக்கொண்டார், கோடை முடிவதற்குள் அனுமதி வந்தது. நண்பரும் கணவரும் சேர்ந்து பலகை அறைந்தார்கள், பெரும்பாலும் சனிக்கிழமைகளில், அந்தப் பெண்மணி ஊரில் இல்லாத நாளாகப் பார்த்து.

அடுத்த வருடம் மே மாதத்தில் ஒரு நாள் வீட்டில் யாரும் இல்லை. தளத்தில் பாயை விரித்துப் படுத்துப் பார்த்தேன். ரயில் போனது. விமானம் போனது. எங்கோ ஒரு நாய். ஒவ்வொன்றும் எங்கே போகிறது, யாருடையது என்று யோசித்து யோசித்துக் கண் மூடவே இல்லை. வேலியில் தட்டும் சத்தம் கேட்டது.

“இன்றைக்கு மீன் இல்லையா?”

“இல்லை. தூங்கிப் பார்க்கிறேன். வரமாட்டேன் என்கிறது.”

மறைப்புக்கு அந்தப் பக்கம் கட்டில் கிறீச்சிட்டது. “எனக்கும் முதல் வருடம் வரவில்லை,” என்றார் அவர்.