செல்வம் வாசிச்ச எடமும் ஸ்பிரிங் பெட்டியும்

இல்ல அருளண்ணே, அது பொய். வாசிக்கத் தெரியாதத மறைக்கத்தான் நான் சத்தத்த இழுத்து நிறுத்துற ரிவர்ப் பெட்டி வாங்குனேன்னு போன ஒத்திகையில எல்லார் முன்னுக்கும் சொன்னீங்க. டிசம்பர் நத்தார் பண்டிகைக் கச்சேரிக்கு ஒண்ணு பெட்டி வெளிய, இல்லாட்டி நான் வெளியன்னும் சொன்னீங்க. பேண்ட் லீடர் சொன்னா தலையாட்டிட்டுப் போற ஆளு நான் இல்ல. ஹட்டன்ல படிக்கப் போயி இவனுக்கு வாய் நீண்டுபோச்சுன்னு நீங்கதான சொல்லிக்கிட்டுத் திரியிறீங்க. அந்த வாயாலயே பதில் சொல்றேன், கேட்டுக்கங்க.

எலெக்ட்ரிக் கிட்டார்ங்கிறது வெரல் இருக்கிற வரைக்கும்தான் பேசும், எடுத்தா அப்பிடியே செத்துப்போகும். இத வாசிச்சு ஏச்சு வாங்குற எல்லாருக்கும் நான் சொல்றது வெளங்கும். நம்ம பேண்ட்ல முந்தி ரெண்டு கிட்டார். நான் ஒரு வரி வாசிச்சு நிறுத்துவேன், செல்வம் அதுக்குப் பதில் வாசிப்பான். தோட்டத்து ஆளுகள இந்தியாவுக்குத் திருப்பி அனுப்புற கணக்குல அவங்க வீட்டாளுகளுக்கும் உத்தரவு வந்துச்சு, கப்பலேறிட்டாங்க. பாட்டு மட்டும் மாறல. வரி முடிஞ்சதும் என் கை இன்னும் தானா நிக்குது. நிக்கிற எடத்துல ஒண்ணுமே இல்ல. அந்த எடத்துக்குத்தான் பெட்டி.

கடையில நின்னது

கொழும்புல வேல செய்ற எங்க மாமாதான் அந்தக் கடைக்குக் கூட்டிட்டுப் போனாரு. ரெண்டு பெட்டி இருந்துச்சு. ஒண்ணு எக்கோ பெட்டி, வாசிச்சத அப்பிடியே திருப்பிச் சொல்லும். எனக்கு என் வரியே திரும்பி வர வேணாம், அததான் நான் ஏற்கனவே வாசிச்சாச்சே. மத்தது ரிவர்ப் பெட்டி. உள்ள ஸ்பிரிங் கட்டியிருக்கு. சத்தம் அதுக்குள்ள நடுங்கிப் போயி, கொஞ்ச நேரம் நின்னு, மெதுவா அடங்கும். ஞாயித்துக்கெழம தேயில ஸ்டோர்ல கொழுந்து வாட்டுற மாடி காலியா இருக்கும்ல, அங்க சீட்டி அடிச்சா எப்பிடி நிக்கும், அப்பிடி.

நான் ஒரு வரி வாசிப்பேன், கைய எடுத்துட்டு அடங்குற வரைக்கும் கேப்பேன். மறுபடி ஒரு வரி, மறுபடி சும்மா நிப்பேன். மாமா வாசல்ல போயி நின்னுக்கிட்டாரு. கடைக்கார முஸ்லிம் நானா பொறுத்துப் பொறுத்துப் பாத்துட்டுச் சொன்னாரு: "தம்பி, எல்லாரும் வாசிச்சுப் பாத்து எடுப்பாங்க, நீங்க வாசிக்காம நின்னு பாத்து எடுக்குறீங்க."

கல்யாண வீட்டு இடி

மொத மொத அத மேடையேத்துனது வட்டவளையில ஒரு கல்யாணத்துல. பலக மேட. பெட்டிய காலடியில வச்சிருந்தேன். பைலா ஆட்டப் பாட்டு ஆரம்பிச்சதும் மாப்பிள்ள தோழனுக மேடையிலயே ஏறி ஆடத் தொடங்கிட்டானுக. அவனுக மிதிக்கிற ஒவ்வொரு மிதிக்கும் உள்ள இருக்க ஸ்பிரிங் ஆடி, ஸ்பீக்கர்ல இடி விழுகுது. இது எனக்குக் கடையில யாரும் சொல்லல. சொல்லியிருந்தாலும் வாங்கியிருப்பேன்.

பொண்ணு வீட்டுக் கம்பளி ஒண்ணக் கேட்டு வாங்கி, நாலா மடிச்சு அடியில போட்டப்புறம்தான் அடங்குச்சு. அதுக்குள்ள பொண்ணோட சித்தப்பா சமையல் பக்கம் ஓடிட்டாரு: "மழ வருதுடா, சோத்த மொதல்ல உள்ள தூக்குங்க."

ராகலை மைதானம்

அண்ணே, நீங்க எப்பவும் இழுக்குறது இதத்தான். திருவிழா, தெறந்த மைதானம். கோயில் மண்டபத்து ஒத்திகையில இனிச்ச அளவுக்கே நான் திருகி வச்சிருந்தேன். எதுத்தாப்புல மல. நாங்க அடிச்சதெல்லாம் மலையில மோதித் திரும்புது, அதுக்குள்ள பெட்டியும் இழுக்குது. பாட்டு கூழாப் போச்சு. சரி, வெளிய வாசிக்கிறப்ப பெட்டிய அணைச்சிடணும், மலையே போதும். அன்னைக்கே அணைச்சேன்ல. ஆனா ஹார்ன் ஸ்பீக்கர மலைப் பக்கம் திருப்பிக் கட்டச் சொன்னது யாரு? நானா?

டிரம்ஸ் வாசிக்கிற மணி மட்டும்தான் அன்னைக்கு நியாயமாப் பேசுனான். குச்சிய மடியில வச்சுக்கிட்டு நம்ம ரெண்டு பேரையும் பாத்தான்: "மல ஒருக்கா சொல்லுது, பெட்டி ஒருக்கா சொல்லுது, நான் எவனுக்குத் தாளம் போடுறது?"

கோயில் மண்டபம்

அடுத்த கச்சேரி மண்டபத்துல. வெளிய பனி, உள்ள சனம். சுவெட்டரும் சால்வையும் போட்ட சனம் நெறஞ்சா சத்தத்த அப்பிடியே குடிச்சிடும். ஆம்ப்லருந்து வர்றது காஞ்ச குச்சி ஒடியிற மாதிரி இருக்கும். அதனால கொஞ்சம் கூட்டி வச்சேன். பெட்டி இருக்குன்னு யாருக்கும் தெரியக்கூடாது, நான் நிறுத்துனா பாட்டும் நின்ன மாதிரி இருக்கக்கூடாது. அவ்வளவுதான் கணக்கு. அன்னைக்கு ஒவ்வொரு வரி முடியிறப்பவும் சத்தம் மேல எங்கயோ போயி நின்னுச்சு. நான் அவசரப்படல. செல்வம் வாசிக்கிற நேரத்த அவனுக்கே விட்டேன்.

செல்வத்தோட அக்கா மேரி, உடப்புசல்லாவையில கட்டிக் குடுத்ததால இங்கயே தங்கிட்டவங்க, பிள்ளைய இடுப்புல வச்சுக்கிட்டு வந்திருந்தாங்க. அம்மா, அப்பா, தம்பி எல்லாரும் அந்தக் கரையில, இவங்க மட்டும் இங்க. கச்சேரி முடிஞ்சு வயரச் சுருட்டிக்கிட்டு இருக்கேன், பக்கத்துல வந்து பிள்ளைய மத்த இடுப்புக்கு மாத்துனாங்க. அப்புறம் சொன்னாங்க: "நீ நிறுத்துனப்பல்லாம் நான் வாசலத்தான் பாத்தேன் தம்பி."

இப்ப நீங்க சொல்லுங்க

இததான் அண்ணே, வாசிக்கத் தெரியாததுன்னு சொன்னீங்க. எடவெளிய மூடி வாசிடான்னீங்க. வேகமா நாலு சுரத்த அள்ளிப் போட்டு அத மூட எனக்கும் தெரியும், வெரல் ஒண்ணும் மரத்துப் போகல. மூட மனசில்ல. எங்க தொழிலே கைய எடுத்ததுக்கப்புறம் கேக்குற சத்தத்துக்கு ஏச்சு வாங்குறதுதான்.

பழி சொன்னது எல்லார் முன்னுக்கும், அதனால பதிலும் எல்லார் முன்னுக்கும் வேணும். அடுத்த ஒத்திகையில மணி இருக்கணும், பாடுறவங்க இருக்கணும், மேரியக்காவையும் நான் வரச் சொல்லியிருக்கேன். பெட்டிய நானே கழட்டி வைக்கிறேன். என் வரிய வாசிச்சு நிறுத்துறேன். அந்த எடத்துல எத வைக்கிறதுன்னு, மேரியக்கா மொகத்தப் பாத்து நீங்க சொல்லுங்க.